கண்மாய் மீனின் சேற்று வாடையும் பாக்டீரியாவின் பஞ்ச அறிவிப்பும்

மேலூர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றி, ஊர்கூடி மீன் பிடித்து முடித்த அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்புதான். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் கெண்டையோ கெளுத்தியோ, எதுவானாலும் லேசாக ஒரு சேற்று வாடை இருக்கும். அதை எடுக்க உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவுவார்கள், புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைப்பார்கள். அந்த வாடைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். ஒரு லிட்டர் தண்ணீரில் சில நானோகிராம் கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். மீன் அதைத் தயாரிப்பதில்லை. தண்ணீரில் உள்ள நீலப்பச்சைப் பாசியும் சேற்றில் உள்ள ஆக்டினோமைசீட்ஸ் வகை பாக்டீரியாக்களும் தயாரிக்கின்றன. அது செவுள் வழியாக மீனுக்குள் போய்க் கொழுப்பில் தங்கிவிடுகிறது. அமிலம் பட்டால் ஜியோஸ்மின் வாசனையில்லாத வேறொரு பொருளாக மாறும். புளி விஷயத்தில் நம் வீட்டுப் பெண்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் கத்திரி வெயிலுக்கு நடுவே ஒரு கோடை மழை இறங்கும்போது எழுகிற மண்வாசனையிலும் பெரும் பங்கு இதே ஜியோஸ்மினுக்குத்தான். துளி விழுந்ததும் மண்ணின் நுண்துளைகளில் இருக்கும் காற்று குமிழியாகித் துளி வழியே மேலேறி வெடித்து, வாசனையைக் காற்றில் தூவிவிடுகிறது. 2015-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டினார்கள். மழைதான் வாசனையைக் கொண்டுவருகிறது என்று நாம் சொன்னாலும், சரக்கு மழைக்கு முன்பே தயார். மண்ணுக்குள் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா, சாப்பாடு தீர்ந்து, வளர்வதை நிறுத்தி, ஸ்போராக, அதாவது உறங்கும் வித்தாக, மாறுகிற கட்டத்தில் ஜியோஸ்மினைத் தயாரிக்கிறது. அது ஒரு பஞ்சகாலத் தயாரிப்பு.

சரி, ஒற்றைச் செல் உயிருக்குக் கண்ணும் கிடையாது, மூளையும் கிடையாது. பஞ்சம் வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? செல்லுக்குள் உருவாகும் சில குட்டி மூலக்கூறுகள் தெரிவிக்கின்றன. அவற்றுக்குச் சமிக்ஞை மூலக்கூறுகள் என்று பெயர். பசி, வறட்சி, உப்பு, மருந்து என்று நெருக்கடி பலவகையாக இருந்தாலும், இந்தச் சமிக்ஞைகளில் மிக முக்கியமானது கேட்பது ஒரே கேள்வியைத்தான்: வளரவா, நிறுத்தவா? நிறுத்து என்ற அந்த முடிவிலிருந்து மண்வாசனை வருகிறது, பல ஆன்டிபயாடிக்குகள் வருகின்றன, காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டிய கட்டாயமும் ஓரளவு அங்கிருந்தே வருகிறது.

இந்தச் சமிக்ஞைகளில் அதிகம் ஆராயப்பட்டதற்கு பிபிஜிபிபி என்று பெயர். கண்டுபிடித்தவர்கள் மைக்கேல் காஷெல், ஜொனதன் கேலண்ட் இருவரும், ஆண்டு 1969. ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்து, திடீரென்று அமினோ அமிலம் கிடைக்காமல் பட்டினி போட்டு, செல்லின் சாற்றைப் பிரித்துப் படத்தகட்டில் பார்த்தபோது, அதுவரை இல்லாத இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. என்னவென்று தெரியாததால் மாயப் புள்ளிகள் என்றே அழைத்தார்கள். எட்டு வருடங்களுக்கு முன், 1961-ல், ஸ்டென்ட், பிரென்னர் இருவரும் ஒரு விசித்திரமான ஈ.கோலை வகையை விவரித்திருந்தார்கள். அமினோ அமிலம் தீர்ந்த பிறகும் அந்த வகை எதுவும் நடக்காததுபோல ஆர்என்ஏ தயாரித்துக்கொண்டே இருந்தது. மாயப் புள்ளிகள் அதில் தோன்றவில்லை. அதாவது புள்ளி வந்தால் உற்பத்தி நிற்கிறது, வராவிட்டால் நிற்பதில்லை.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நல்ல சாப்பாட்டில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அந்த வேகத்துக்குப் புரதம் வேண்டும், புரதம் செய்ய ரைபோசோம் வேண்டும். ஒரு செல்லில் பல பத்தாயிரம் ரைபோசோம்கள் இருக்கும். செல் செய்யும் செலவில் மிகப் பெரியது இந்த ரைபோசோம்களைக் கட்டுவதுதான். ரைபோசோமுக்கு அமினோ அமிலத்தைத் தூக்கிவரும் வேலை டிஆர்என்ஏ உடையது. அமினோ அமிலம் தீர்ந்துபோனால் டிஆர்என்ஏ வெறுங்கையோடு வந்து ரைபோசோமில் உட்கார்ந்துவிடுகிறது. அங்கே ரெல்-ஏ என்று ஒரு நொதி காத்திருக்கிறது. வெறுங்கையோடு வந்த டிஆர்என்ஏவைத் தொட்டதுமே அது வேலையைத் தொடங்கும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியிலிருந்து இரண்டு பாஸ்பேட்டை எடுத்துக் குவானோசின் பாஸ்பேட் ஒன்றின்மேல் ஒட்டும். அப்படி உருவாவதுதான் பிபிஜிபிபி. சில நொடிகளுக்குள் அதன் அளவு செல்லுக்குள் எகிறிவிடும்.

இதில் ரசிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளியே எவ்வளவு சாப்பாடு இருக்கிறது என்று பாக்டீரியா அளந்து பார்ப்பதில்லை. தன் வேலை தடைப்படுகிறதா என்பதை, தடைப்படுகிற அதே இடத்தில் வைத்துப் பார்க்கிறது. பசியை ரைபோசோமிலேயே பிடித்துவிடுவதால் ஏமாற வாய்ப்புக் குறைவு.

உருவான பிபிஜிபிபி நேராக, ஆர்என்ஏவைத் தயாரிக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதியில் போய் ஒட்டுகிறது. ஈ.கோலையில் டிகேஎஸ்-ஏ என்ற புரதமும் கூடச் சேர்ந்துகொள்ளும். ரைபோசோமுக்கான ஆர்என்ஏ தயாரிப்பு சட்டென்று இறங்குகிறது. அமினோ அமிலங்களைத் தானே செய்துகொள்ளும் மரபணுக்கள் விழிக்கின்றன. கண்மாயில் தண்ணீர் குறைந்ததும் நீர்பாய்ச்சி பெரிய மடையை அடைத்து, உயிர்த்தண்ணீர் கேட்கும் வயலுக்கு மட்டும் திறந்துவிடுவாரே, ஏறக்குறைய அதே நிர்வாகம். பேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் வேறு பாதையில் போகின்றன: அங்கே பிபிஜிபிபி பாலிமரேஸைத் தொடாமல், ஆர்என்ஏ செய்யத் தேவையான மூலப்பொருளின் உற்பத்தியையே குறைத்துவிடுகிறது. வழி வேறானாலும் விளைவு அதேதான்.

அறிவிப்பை அழிக்கவும் ஆள் வேண்டும். ஈ.கோலையில் அந்த வேலை ஸ்பாட் என்ற நொதிக்கு. அதை மட்டும் எடுத்துவிட்டு ரெல்-ஏவை விட்டுவைத்தால் பிபிஜிபிபி குவிந்து செல் வளராமலே போகும். இரண்டையும் எடுத்துவிட்டால் பசி தெரியாத பாக்டீரியா கிடைக்கும். அதற்கு அமினோ அமிலங்களை நாமே ஊட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வளராது. 1991-லேயே இது காட்டப்பட்டுவிட்டது. பஞ்சகாலத்துக்கு மட்டுமான ஏற்பாடு என்று தோன்றுவது, உண்மையில் அன்றாட வரவு செலவுக்கும் தேவைப்படுகிறது.

மதுரை வட்டாரத்து மண்ணில் சாப்பாட்டுப் பஞ்சத்தைவிட முதலில் வருவது தண்ணீர்ப் பஞ்சம். கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும்போது, மண் துகள்களுக்கிடையில் மிஞ்சியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் உப்பு செறிந்துகொண்டே போகும். அது பாக்டீரியாவுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். அதைச் சமாளிக்கச் செல் முதலில் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு புரோலின், கிளைசின் பீட்டைன் போன்ற, உள்ளே குவிந்தாலும் கெடுதல் செய்யாத பொருட்களைச் சேர்க்கிறது. எவ்வளவு இழுப்பது, எப்போது நிறுத்துவது என்ற கணக்கை பேசில்லஸ் போன்றவற்றில் வைத்திருப்பது சைக்ளிக் டை-ஏஎம்பி என்ற இன்னொரு சமிக்ஞை. இது 2008-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இதன் அளவு கூடினால் பொட்டாசியம் வரும் வாயில்கள் மூடும், குறைந்தால் திறக்கும்.

அப்புறம் மழை வருகிறது. நமக்குச் சந்தோஷம், மண்ணுக்குள் அது அடுத்த ஆபத்து. உப்பும் பொட்டாசியமும் நிறைந்திருக்கும் செல்லுக்குள் நல்ல தண்ணீர் பாய்ந்து வரும். சில மில்லிநொடிகளுக்குள் உள்ளே இருப்பதை வெளியே கொட்டாவிட்டால் செல் வெடித்துவிடும். இதற்கென்றே செல்சவ்வில் சில வாயில்கள் இருக்கின்றன. சவ்வு இழுபட்டதும் அவை தாமாகத் திறந்துகொள்ளும். அறிவிப்பு வந்து சேரும்வரை காத்திருக்க அங்கே நேரமில்லை. மழைக்குப் பிறகு காய்ந்த மண்ணிலிருந்து கரியமில வாயு குபுக்கென்று வெளியேறுவதை 1958-ல் கென்யாவில் பர்ச் என்பவர் அளந்து எழுதினார். வெளியே கொட்டப்பட்டதையும் செத்த செல்களையும் உயிரோடு மிஞ்சியவை தின்று தீர்ப்பது அதற்கு ஒரு காரணம். முதல் மழைக்குப் பின் பயிர் சட்டென்று பச்சை பிடிப்பதிலும் இதற்குப் பங்குண்டு: அந்த விருந்தில் கொஞ்சம் தழைச்சத்தும் மண்ணில் விடுபடும்.

கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கும் சமிக்ஞைகளும் உண்டு. அது பிரபலமான கதை என்பதால் நீட்ட விரும்பவில்லை. 1970-ல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் கடலில் ஒளிரும் விப்ரியோ ஃபிஷ்ஷெரி பாக்டீரியா, போதிய கூட்டம் சேர்ந்த பிறகே ஒளிர்கிறது என்று காட்டினார்கள். ஒவ்வொரு செல்லும் ஒரு மூலக்கூறை வெளியே விடும். அது வெளியே ஓர் அளவைத் தாண்டினால் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று பொருள். நம் கதைக்குத் தேவை, அதற்கும் மூன்று வருடம் முன்பு சோவியத் ஒன்றியத்தில் கோக்லோவ் குழு கண்ட ஏ-ஃபாக்டர்.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற மண் பாக்டீரியா வெளியே விடும் மூலக்கூறு அது. மிகமிகச் சிறிய அளவில், நானோமோலார் கணக்கில் சேர்ந்தாலே போதும், பாக்டீரியா இரண்டு வேலைகளைத் தொடங்கும்: ஸ்போர் தாங்கும் இழைகளை மண்ணுக்கு மேலே அனுப்பும், ஸ்ட்ரெப்டோமைசினையும் தயாரிக்கும். ஆம், 1943-ல் ஷாட்ஸ், வாக்ஸ்மன் ஆய்வகத்தில் கிடைத்த அதே ஸ்ட்ரெப்டோமைசின். காசநோய்க்கு முதன்முதலாக வேலை செய்த மருந்து.

ஸ்போர் கட்டுகிற நேரத்தில் விஷம் எதற்கு? ஸ்ட்ரெப்டோமைசிஸ் பூஞ்சைபோல இழை இழையாகப் படர்ந்து வாழும். பஞ்சம் வந்ததும் தன் பழைய இழைகளைத் தானே சிதைத்து, அந்தச் சத்தை வைத்து மேலே புதிய இழை கட்டும். சிதைந்த இழை அக்கம்பக்கத்துக்கெல்லாம் விருந்து. யாரும் வந்து வாய் வைக்காமல் இருக்க ஆன்டிபயாடிக் காவல் நிற்கிறது என்பது இத்துறையில் பலரும் ஏற்கும் விளக்கம். எனக்கும் அதுவே நம்பும்படி இருக்கிறது. பிபிஜிபிபியும் இங்கே வருகிறது: ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலர் என்ற இனத்தில் அதைத் தயாரிக்கும் மரபணுவை எடுத்துவிட்டால், நைட்ரஜன் பற்றாக்குறையில் ஆன்டிபயாடிக் தயாரிப்பு நின்றுபோகிறது. ஸ்போராக மாறும் நேரத்தைத் தள்ளிப்போடுவது மூன்றாவது ஒரு சமிக்ஞை, சைக்ளிக் டை-ஜிஎம்பி. அதன் நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து பிஎல்டி-டி என்ற புரதத்தின் இரண்டு பிரதிகளைப் பிணைத்து டிஎன்ஏ மேல் உட்கார வைக்கின்றன. அது உட்கார்ந்திருக்கும்வரை ஸ்போர் மரபணுக்கள் திறக்காது. சமிக்ஞை குறைந்ததும் புரதம் விலகிவிடும். 2014-ல் இந்தக் கட்டமைப்பு வெளியானபோது, நான்கு மூலக்கூறுகளை வைத்து இரண்டு புரதங்களைக் கோத்திருக்கும் விதம் துறையில் பலரையும் வியக்க வைத்தது.

நாகமலை அடிவாரத்தில் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் இந்தப் பாக்டீரியா குடும்பத்தோடு பழக்கம் உண்டு. டானோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பியூசீட்டியஸ் பற்றிய ஆய்வுகள் அங்கிருந்து வெளியாகியிருக்கின்றன. செல்லுக்குள் டானோரூபிசின் சேர்ந்தால் அது தன் உற்பத்தியையே கட்டுப்படுத்துகிறது என்பது அவற்றில் ஒன்று. டிஎன்ஏவில் நுழைந்து கொல்லக்கூடிய பொருளை உள்ளே வைத்துக்கொண்டு வாழ்வதென்றால், அதையும் ஒரு சமிக்ஞையாகக் கவனிக்க வேண்டியிருக்கும்தானே.

மீதி உள்ள கேள்வி, ஜியோஸ்மின் எதற்கு என்பது. 2020-ல் வந்த ஒரு ஆய்வு விடை சொன்னது. மண்ணில் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற மில்லிமீட்டர் அளவு சிற்றுயிரிகள் இந்த வாசனைக்கு வருகின்றன, ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தின்கின்றன, ஸ்போர்களை உடம்பிலும் கழிவிலும் சுமந்து வேறு இடம் சேர்க்கின்றன. மழை வாசனை நமக்காக வருவதில்லை.

ஸ்போர் என்றதும் உரக்கடைக்கு ஒரு நடை போய்வரலாம். விதை நேர்த்திக்கு வாங்கும் பவுடர்களில் சூடோமோனாஸும் உண்டு, பேசில்லஸ் சப்டிலிஸும் உண்டு. ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பக்கம் கேட்டால், சூடோமோனாஸ் பாக்கெட்டை வெயில் படாமல் நிழலில் வையுங்கள், காலாவதி தேதியைப் பாருங்கள் என்று அழுத்திச் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பேசில்லஸ் பஞ்சம் வந்தால் ஸ்போராகிவிடும். ஸ்போர் வெயிலையும் வறட்சியையும் வருடக்கணக்கில் தாங்கும். சூடோமோனாஸ் ஸ்போர் கட்டாது. பவுடரில் அது உயிரோடுதான் காத்திருக்கிறது, அதனால் நாளாக ஆக எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

பேசில்லஸும் எடுத்ததும் ஸ்போராகிவிடுவதில்லை. ஒரு ஸ்போர் கட்டி முடிக்க ஏழெட்டு மணி நேரம் ஆகும், பாதியில் திரும்பவும் முடியாது. நடுவில் மழை பெய்துவிட்டால் அத்தனையும் வீண். வளர்ந்துகொண்டிருக்கும் பக்கத்துச் செல்கள் முந்திவிடும். அதனால் முடிந்தவரை தள்ளிப்போடுகிறது. அந்தத் தள்ளிப்போடும் வழி கொஞ்சம் கொடூரமானது: முதலில் பஞ்ச நிலைக்குப் போன செல்கள் விஷத்தை விட்டு, இன்னும் போகாத தம் உடன்பிறப்புகளைக் கொன்று, சிதறியதைத் தின்கின்றன. 2003-ல் இது வெளிவந்தபோது ஆய்வாளர்களே இதைத் தன்னினத்தைத் தின்னல் என்றுதான் எழுதினார்கள். ஒரே குடும்பத்துச் செல்கள், ஒரே டிஎன்ஏ. எது முன்னால் போகிறது என்பது செல்லுக்குள் ஸ்போ-0ஏ என்ற புரதம் எந்த அளவுக்குத் தூண்டப்பட்டிருக்கிறது என்ற தற்செயலைப் பொறுத்தது.

இனி மருத்துவமனைக்கு வரலாம். வளர்வதை நிறுத்துவது பாக்டீரியாவைப் பட்டினியிலிருந்து மட்டும் காப்பாற்றவில்லை. நம் மருந்துகளில் பெரும்பாலானவை வளர்கிற வேலையைத்தான் தாக்குகின்றன. பெனிசிலின் செல்சுவர் கட்டும்போது கட்டுவதைக் கெடுக்கும்; கட்டாத செல்லை அது என்ன செய்ய முடியும்? 1944-ல் ஜோசப் பிகர் என்ற அயர்லாந்து மருத்துவர் ஸ்டெஃபைலோகாக்கஸ் மேல் பெனிசிலினை ஊற்றிப் பார்த்தார். ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று பிழைத்தது. பிழைத்ததை வளர்த்து மறுபடி பெனிசிலின் கொடுத்தால் அதன் வாரிசுகள் முன்போலவே செத்தன. அதாவது அவை மருந்து எதிர்ப்புப் பெற்றவை இல்லை. மருந்து வந்த நேரத்தில் வளராமல் சும்மா இருந்தவை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பிழைக்கும் செல்களை முழுக்க பிபிஜிபிபிதான் உண்டாக்குகிறது என்று 2010-களில் ஒரு கருத்து வேகமாகப் பரவியது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஒரு புகழ்பெற்ற கட்டுரை 2018-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வில் பயன்படுத்திய பாக்டீரியா வகைகளில் ஒரு வைரஸ் தொற்று புகுந்திருந்ததுதான் காரணம். அந்த ஆய்வகமே அதைக் கண்டுபிடித்து எழுதியது. பிபிஜிபிபிக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒற்றைக் காரணம் என்று சொன்னதுதான் நிற்கவில்லை. பழைய விளக்கத்தை அப்படியே பிரதி எடுத்த பாடங்களும் காணொளிகளும் இன்னும் சுற்றுகின்றன என்பதால் சொன்னேன்.

காசநோய்க் கிருமியில் விஷயம் உறுதியாக இருக்கிறது. அதற்கும் பிபிஜிபிபியைத் தயாரிக்கும் ரெல் நொதி உண்டு. அதை எடுத்துவிட்ட கிருமியை எலிக்குக் கொடுத்தபோது, தொடக்கத்தில் நோயை உண்டாக்கினாலும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. 2003-ல் வந்த முடிவு இது. நுரையீரலில் உடம்பு கட்டிவைக்கும் முடிச்சுக்குள் ஆக்ஸிஜன் குறைவு, சாப்பாடு குறைவு. அங்கே கிருமி வளர்வதை நிறுத்திவிட்டுக் கிடக்கிறது.

தோப்பூர் காசநோய் மருத்துவமனையிலோ, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சாதாரணக் காசநோய்க்குக் கொடுக்கப்படும் மாத்திரைக் கணக்கை இதோடு வைத்துப் பார்த்தால் புரியும். முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தம்பியூட்டால் என நான்கு மருந்து. அடுத்த நான்கு மாதம் பைரசினமைடை நிறுத்திவிட்டு மற்ற மூன்று. ஐசோனியாசிட் செல்சுவர் கட்டுவதைத் தாக்குவதால் வளர்கிற கிருமிகளை முதல் சில நாட்களிலேயே பெருமளவு தீர்த்துவிடும். இருமல் குறைவதும், பசி எடுப்பதும், எடை ஏறுவதும் அதனால்தான். பைரசினமைட் அமிலச் சூழலில் மெதுவாக இயங்கிக் கிடப்பவற்றைப் பிடிக்கும். ரிஃபாம்பிசின் அவ்வப்போது விழித்து மறுபடி அடங்குகிறவற்றைப் பிடிக்கும். மிச்சமுள்ள நான்கு மாதமும் கிட்டத்தட்ட இந்த அடங்கிக் கிடப்பவற்றுக்காகவே. இரண்டாம் மாதம் முடிந்து, எனக்குத்தான் சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துகிறவருக்குச் செத்தது வளர்ந்துகொண்டிருந்த கூட்டம். நிறுத்து என்ற அறிவிப்பைக் கேட்டு அடங்கிய கூட்டத்தில் ஒரு பகுதி அவர் நெஞ்சுக்குள் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

அந்த அறிவிப்பையே தடுத்தால் என்ன என்பது அடுத்த யோசனை. 2019-ல் வெளியான ஆய்வில், காசநோய்க் கிருமியின் ரெல் நொதியை முடக்கும் ஒரு சேர்மத்தைச் சேர்த்தபோது, பட்டினியிலும் கிருமி அடங்க முடியாமல் போய், ஐசோனியாசிடுக்கு அதிகம் பலியானது. இது ஆய்வகத்தில் கிடைத்த முடிவு. ஆய்வகத்தில் கிருமியை முடக்குவது ஒன்று. மனித உடம்புக்கு ஆகாத எதையும் செய்யாமல், முடிச்சுக்குள் ஊடுருவி, மெழுகு மூடிய கிருமியின் சுவரையும் தாண்டிப் போக வேண்டும் என்பது இன்னொன்று. இதுவரை அப்படி ஒரு மாத்திரை புழக்கத்துக்கு வரவில்லை. வரும்வரை நான்கும் இரண்டும் ஆறு மாதம்தான்.